பத்து நிமிடம்

ஐந்து மணி ஜீப்பில் பதினெட்டுப் பேர்.
பின்படியில் தொற்றி நிற்பவர்களில்
காளீஸ்வரியும் ஒருத்தி.
கம்பம்மெட்டு ஏறும் அந்த விளக்கை
வாசலில் நின்று வளைவு வளைவாக எண்ணுவேன்.
ஏழுக்கு மேல் தெரியாது.
போன ஆடியில் எட்டாவது வளைவு
என் இடது காலை முழங்காலோடு வைத்துக்கொண்டது.
அதனால் அவள் மேலே, நான் வீட்டில்.

தன்விகாவுக்கு இரண்டே முக்கால் வயது.
சுவரில் உள்ள ஓட்டையெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும்.
பிளக் பாயின்ட்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.
தண்ணீர் டிரம்முக்கு மூடி,
மூடிமேல் அம்மிக் குழவி.
அடுப்புக்கு முன்னால் ஊன்றுகோலைக் குறுக்கே பிடித்து
"இது செக்போஸ்ட்" என்றேன்.
நின்றாள். யோசித்தாள்.
குனிந்து அடியில் நுழைந்து போய்விட்டாள்,
ரேஷன் அரிசி கடத்துகிறவர்கள் மாதிரி.

புதன்கிழமை ஊசி.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நர்ஸ்
"இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்றார்.
காய் எடுப்பு மும்முரத்தில்
நெடுங்கண்டத்தில் பிறந்தவள்.
அவள் அட்டை மலையாளம் பேசுகிறது.
என் மலையாளம்
கூலி கேட்கவும் டீ கேட்கவும் மட்டும்.
போன் போட்டேன், ஏலக்காட்டில் சிக்னல் இல்லை.
தேதிகளைத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்த நர்ஸின் பேனா
ஒரு காலிக் கட்டத்தில் நின்றது.
"போடலையா, எழுத மறந்துட்டாங்களா?"
நான் தன்விகாவின் தொடையைப் பார்த்தேன்,
அது சொல்லிவிடும் என்பது போல.

அன்றிரவு காய்ச்சல்.
மருந்து மூடியில் ஐந்தாவது கோடு வரை ஊற்றி
பல்புக்கு நேராகப் பிடித்து
இரண்டு பேரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தோம்.
"கூடிருச்சோ?"
"கொறைஞ்சிருக்கு."
நெற்றியில் போட்ட ஈரத்துணி
காய்ந்துகொண்டே இருந்தது.
நான்கு மணிக்கு வேர்த்தாள்.
நாலரைக்குக் காளீஸ்வரி தலை சீவினாள்.

மறுவாரம் இன்னொரு மூடி.
அதே வெள்ளை, அதே கோடுகள்.
"அப்பா, டீ" என்று நீட்டினாள்.
மோந்து பார்த்தேன்.
பக்கத்து வீட்டில் தோட்டத்து மருந்து டப்பாவைக் கழுவி
ரோஜாக் குச்சி நட்டிருந்தார்கள்.
ஊன்றுகோல் இல்லாமல் ஜமீலா அக்கா வீடு வரை
அவளைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போனேன்,
இன்றும் தெரியாது.
அக்கா கையைக் கழுவி, வாயைத் திறந்து,
நாக்கைத் துடைத்து, மோந்து, வெளிச்சத்தில் பார்த்து,
"மண்ணு. மண்ணத்தான் தின்னுருக்கா" என்றாள்.
ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.
சாயங்காலம் வரை உட்காரவைத்து அனுப்பினார்கள்.
பிள்ளை மண் தின்றதற்குச் சந்தோஷப்பட்ட தகப்பன்
ஆட்டோவில் அழுதுகொண்டு வந்தேன்.

ஆறரைக்கு ஜீப் ஆரன்.
இப்போதுதான் என் வேலையிலேயே கஷ்டமான வேலை.
மருந்தடித்த செடிக்குள் நாள் முழுக்க உட்கார்ந்து
காய் பறித்தவள்
கொல்லைப்பக்கமாக வருவாள்.
சட்டை, தலைத்துண்டு, சேலை எல்லாம்
தனி வாளியில்.
குளித்து முடிக்கும்வரை பத்து நிமிடம்
தன்விகாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
கடிப்பாள். உதைப்பாள்.
பிறந்த நாளிலிருந்து அம்மாவைப் பார்க்காதவள் போலக் கத்துவாள்.
தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து
காளீஸ்வரி சத்தமாக எண்ணிக்கொண்டே ஊற்றுவாள்,
ஒரு செம்பு, ரெண்டு செம்பு.
அதில்தான் இவள் எண்ணப் படித்தாள்,
ஏழை மட்டும் விட்டுவிடுவாள்.

நேற்று பதினொன்றில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.
நான் கையைத் தளர்த்தினேன்.
மடியிலிருந்து அவள் நகரவில்லை.
"இன்னும் ஒண்ணு" என்றாள்.
உள்ளே கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு இன்னொரு செம்பு விழுந்தது.

ஈரத் தலையோடு வந்து குனிந்தவளை
ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை.
இரண்டு கையையும் திருப்பச் சொன்னாள்.
ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள்.
நகக்கண்ணில் மட்டும் போகாத ஏலக்காய்க் கறை.
அதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு
"சரி, போ" என்று
வழிவிட்டாள்.