மூன்று பல் பாக்கி

ஏப்ரல் கடைசி. கடை முற்றத்து மூலையில்
எண்ணெய்க் கறையோடு இன்னும் கொஞ்சம் பனி,
கிழட்டு நாய் படுத்திருக்கிற மாதிரி.
ஓடில் சிர் வந்தாள். கையில் அளவுநாடா இல்லை.
வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிறு, அதில் இரண்டு முடிச்சு.

"முதல் முடிச்சு வரை என் டிராக்டர்,
சக்கரத்தின் வெளிஓரம் முதல் வெளிஓரம்.
இரண்டாவது வரை என் கேட்.
இரண்டு பக்கமும் கருங்கல் தூண். அசைக்க மாட்டேன்."

நாடா பிடித்துப் பார்த்தேன்:
ஐம்பத்தைந்து அங்குலம், அறுபத்தாறு அங்குலம்.
"ஐந்தடி ரேக் ஒன்று கொடு" என்றாள்,
பேச்சு முடிந்துவிட்டது போல.

மடவாஸ்காக்காரர்கள் உருளைக்கிழங்குக்குப் பேர் போனவர்கள்.
நிஜத்தில் இங்கே விளைவது கல்.
உறைபனி அடியிலிருந்து ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாகத் தூக்கிவிட,
விதையில்லாமல், எருவில்லாமல், ஒரு வருஷம் தவறாமல்.
பொறுக்கி வேலி கட்டினோம்.
வேலி போதுமென்று ஆன பிறகு ஆற்றங்கரையில் கொட்டினோம்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா.
அங்கே போய்க் கொட்டலாமென்றால் அங்கேயும் கல்.

சொன்னேன்: "நேராக இழுத்தால்
ரேக் கல்லைச் சுமந்துகொண்டே வரும்.
சாய்த்தால்தான் ஓரத்துக்குத் தள்ளும்.
சாய்த்தால் அகலம் குறையும், ஓடில்.
ஐந்தடி ஐம்பத்திரண்டு அங்குலமாகிவிடும்.
குட்டைச் சட்டைக்குக் கீழே தொப்பை மாதிரி
உன் சக்கரத் தடம் வெளியே தெரியும்."

அவள் சிரிக்கவில்லை.
"ஆறடி என் கேட்டில் நுழையாது" என்றாள்.
பிறகு, என்னைப் பார்க்காமலே,
காட்சிக்கு நின்ற ஆறடி ரேக்கின் ஊசியைப் பிடுங்கி,
இடுப்பால் ஒரு தள்ளு.
கிரீச்சிட்டுச் சாய்ந்து நின்றது.
கயிற்றை நீட்டிப் பிடித்தாள். இரண்டாம் முடிச்சுக்குள்
நான்கு விரல் மிச்சம்.
"நேராகத்தானே நுழையாது" என்றாள், கயிற்றிடம்.

விலைச்சீட்டைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.
பின்சக்கரம் வைத்தது வேண்டாமாம்;
பள்ளம் மேடு தன் கைக்குத் தெரியுமாம்.
கொட்டகைக்குப் பின்னால் பழசு ஒன்று கிடந்தது,
சிவப்பு போய், துரு வந்து, மூங்கில் புல் முளைத்து என்று பொய் சொல்லமாட்டேன்,
வெறும் துருதான்.
தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.
இது தானமல்ல, எழுநூறு டாலர்.
மண்டியிட்டு, ஒவ்வொன்றாக வளைத்துவிட்டு,
ஸ்பிரிங் திரும்பி வரும் சத்தம் கேட்டு, எண்ணினாள்.
முப்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்துமூன்று.
"பல்லுக்கு இருபது கழி."
"கழிக்க மாட்டேன், பல் தருகிறேன். அடுத்த வாரம்."
கைகுலுக்கினோம்.

அடுத்த வாரம் மறந்தேன்.
அதற்கடுத்த வாரம் மறந்ததையும் மறந்தேன்.

ஜூனில் பக்கத்துப் பண்ணைக்குப் புல்வெட்டி இறக்கப் போனபோது
அவள் பாதை கண்ணில் பட்டது.
கருங்கல் தூணிலிருந்து களஞ்சியம் வரை
சீப்பு போட்டு வாரியது போல ஜல்லி.
அதன் நடுவே, வளைவுக்கு வளைந்து, மேட்டுக்கு ஏறி,
ஒன்றோடொன்று முட்டாமல்,
வாராத கல் மூன்று கோடு.
என் கையெழுத்து எனக்கே தெரிந்தது.

வண்டியைத் திருப்பி, கடைக்குப் போய், பற்களை எடுத்துக்கொண்டு
மறுபடி வந்து நின்றபோது
மழையங்கி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்டேன்.
"நீதானே சொன்னாய், நீ தருவதாக."

ஸ்பேனர் எடுக்க வண்டிக்குத் திரும்பினேன்.
"அங்கே" என்று வாசற்படியைக் காட்டினாள்.
பொருத்தமான அளவு. லேசாகத் துரு.
எடுத்தேன். அடியில் மரப்பலகையில்,
வெயிலும் மழையும் படாத
இன்னொரு ஸ்பேனர், வெளிர் நிறத்தில்.