ஐந்தாம் மாடிக் கயிறு

ரங்கூன் இருபத்தொன்பதாம் தெருவில்
வீட்டுக்கு ஒரு வால் உண்டு.
பால்கனியிலிருந்து தொங்கும் நைலான் கயிறு,
நுனியில் கடிக்கும் கிளிப்.
என் வாலுக்குப் பதினேழு வயது.
நீலம் போய்ச் சாம்பலாகிவிட்டது.

காலை ஆறரைக்குக் கீழே ஒரு கூப்பாடு,
மொஹிங்கா ஏறி வரும் சுடச்சுட.
பத்து மணிக்கு டின்பால் தேநீர்,
பிளாஸ்டிக் பையில் கழுத்திறுகி.
இரண்டு மணிக்கு இன்னொன்று.
கபூர் பாய் கடைச் சட்டைகளும் அதே வழிதான்,
ஏறும்போது பொத்தான் இல்லாமல்,
இறங்கும்போது பொத்தானோடு.
எல்லாம் ஏறி இறங்கின.
நான் நாற்காலியில்
காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் டோ யீ மொன்
காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.
மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி நான்கு.
சர்க்கரை வாங்கியே வருஷமாச்சு என்றேன்.
டின்னில் வாங்குகிறீர்களே என்றார்.
பிறகு தன் தொடையைத் தட்டினார்:
உடம்பின் பெரிய அடுப்பு இதுதான்,
எரிந்தால் சர்க்கரை உள்ளே போகும்.
நீங்கள் பற்றவைப்பதே இல்லை.
விறகு வாசலிலேயே குவிகிறது,
ரத்தத்தில்.

தலையாட்டினேன்.
மாத்திரையையும் கயிற்றில்தான் இழுத்தேன்.

ஆடி மழையில் ஒரு நாள்
கிளிப் வாய் திறந்துவிட்டது.
இரண்டாம் மாடி உயரத்திலிருந்து
என் காலை உணவு
யாரோ ஒருவர் குடைமேல்.
மன்னிப்பைக் கயிற்றில் இறக்க முடியாதே.
செருப்பைத் தேடினேன், கட்டிலடியில் இருந்தது,
அடிப்பாகம் தேயவே இல்லை.

இறங்க எண்பத்தாறு படி.
ஏறவும் எண்பத்தாறுதான் என்பதை
முழங்கால் நம்பவில்லை.
மூன்றாம் மாடியில் மூச்சு நின்று
மெஹ்ருன் கதவில் சாய்ந்தேன்.
அவள் திறந்து, யார் நீங்கள் என்றாள்.
பதினேழு வருஷம்
அவள் ஜன்னலைத் தாண்டிப் போன பொட்டலங்களை
அவளுக்குத் தெரியும். என்னைத் தெரியாது.

அவளிடமும் விரல் குத்தும் மெஷின் இருந்தது.
அன்று ராத்திரி சோற்றைப் பாதியாக்கி,
ரோசெல் கீரையை முதலில் தின்று,
இரண்டு பேரும் தெரு முனை வரை
கடை சாத்துவதைப் பார்த்தபடி போய்த் திரும்பினோம்.
முந்தின ராத்திரி இருநூற்றுப் பன்னிரண்டு.
அன்று நூற்று எழுபத்தொன்று.
மெஷின் பொய் என்று மறுபடி குத்தினேன்.
நூற்று அறுபத்தொன்பது.

இதைச் சாதனை என்று சொல்லவில்லை.
கால் வலித்தது, கோபம் வந்தது,
டின்பால் வாசம் கீழேயிருந்து
பெயர் சொல்லி அழைத்தது:
வேதவல்லி, வேதவல்லி.
பையன் இப்போது கேட்காமலே
வெறுந் தேநீர்க் குடுவையை என் பக்கம் தள்ளுகிறான்.
அந்தப் பார்வையில் கொஞ்சம் அனுதாபம்,
அது எனக்குப் பிடிக்கவில்லை.
ஐப்பசி வந்தபோது ஏழு புள்ளி எட்டு.
தீபாவளி முடிந்து தையில் எட்டு புள்ளி ஒன்று.
டாக்டர் திட்டவில்லை,
அதிரசம் எத்தனை என்று மட்டும் கேட்டார்.
ஐந்து என்றேன். ஒன்பது.

கயிற்றை அறுத்துவிடு என்றாள் மெஹ்ருன்.
மனசு வரவில்லை.
சட்டை மூட்டை பாரம் வேறு.

இப்போது விடியலில்
பட்டாணிக்காரி குரல் கேட்டதும் இறங்குகிறேன்.
அவித்த பட்டாணி ஒரு கிண்ணம்,
வெங்காயம் அதிகம், எண்ணெய் வேண்டாம்.
பையை நானே என் கிளிப்பில் மாட்டுகிறேன்.
வெறுங்கையோடு எண்பத்தாறும் ஏறி,
பால்கனிக்கு வந்து, மூச்சு வாங்கி,
நானே இழுக்கிறேன்.

கீழே அவள் கூடையைத் தலையில் வைக்காமல்
அண்ணாந்து நிற்கிறாள்.
இந்தக் கலா அம்மாவுக்குப்
புத்தி பிசகிவிட்டது என்று
டீக்கடைப் பையனிடம் சொல்வது
ஐந்து மாடிக்கும் கேட்கிறது.
பட்டாணி இப்போதுதான்
மெஹ்ருன் ஜன்னலைத் தாண்டுகிறது.