நின்ற படி

திபிலீசியில் மழையா என்று
நானுலியிடம் கேட்காதீர்கள்.
மேலிருந்து அவளுக்கு முதலில் வருவது காலணி,
அப்புறம் முழங்கால்,
முகம் கடைசியில்.
ஈரக் காலணி என்றால் மழை, அவ்வளவுதான்.

நகரும் படிகளின் அடியில் கண்ணாடிக் கூண்டு.
ஒரு மைக், ஒரு சிவப்பு நெம்புகோல்,
ஆறிப்போன தேநீர்.
"படியில் உட்காராதே, பச்சைத் தொப்பி, உன்னைத்தான்."
பச்சைத் தொப்பிகள் நான்கு எழுந்து நிற்கும்.

நேற்று மாலை எவனுடைய பையோ கிழிந்து
பெர்சிமன் பழங்கள்
தாவித் தாவி இறங்கின,
சீட்டு வாங்காமல்.
இழுத்தாள் நெம்புகோலை.

பதினோரு வருட இரைச்சல்
அறுந்தது.
மேலே யாரோ இருமியது
காதருகே கேட்டது.
நடந்து இறங்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.
நூறு பேர்
நின்ற படியில்
நின்றபடி நின்றார்கள்.

அவளும் சொல்லவில்லை.
மைக்கின் பொத்தானில் விரல் கிடக்க
பார்த்துக்கொண்டே இருந்தாள்,
வந்ததும் போய்விடாத முகங்களை.

கூண்டு வாசல்வரை உருண்டுவந்த ஒன்றை
கடைசி ரயில் போனபின் கடித்தாள்.
காய்.
வீடு போய்ச் சேரும்வரை
நாக்கெல்லாம் துவர்ப்பு.