எடை மேடைக்கு ஒரு கார்டு

பிறையில் நிலவு பார்க்க யாரும் வருவதில்லை.
பழைய இரும்புதான் வருகிறது.
காலை எட்டரைக்கே கேட்டுக்கு வெளியே ஆறு லோரி.

ஓங் தவுக்கே புதுக் கணினி வாங்கியிருக்கிறார்,
முதுகில் ஒன்பது ஊசிச் சொருகி இல்லாத கணினி.
எடைக்கருவிக்கு வயது இருபத்திரண்டு.
அதற்குத் தெரிந்தது ஒரே முறை:
ஒற்றைக் கம்பியில்
ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வது.
"ரெண்டு நாளா கையாலதான் எழுதுறேன்"
சுராயா விரலைக் காட்டினாள். நீல மை.

பெட்டியைத் திறந்தேன்.
இரண்டே நாளில் உள்ளே துருத்தூள் குடியேறியிருந்தது.
இரும்புச் சட்டத்தைத் தொட்டு
என் மேலிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுக்
கார்டை எடுத்தால், தகடு நீளம்.
ஒல்லிப் பெட்டிக்குள் நிற்காது.
உறைக்குள்ளேயே குட்டைத் தகடும் வைத்திருந்தார்கள்;
எந்தத் தொழிற்சாலையிலோ யாரோ ஒருத்தி
என்னை நினைத்திருக்கிறாள்.
மாற்றும்போது திருகு ஒன்று மதர்போர்டில் விழுந்தது.
அது சோற்றில் கல் மாதிரி,
தேடினால் கிடைக்காது.
கணினியைக் கவிழ்த்துக் குலுக்கினேன்.

அழுத்தியதும் 'டக்'.
இந்தச் சத்தத்துக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்
என்றால் வீட்டில் சிரிப்பார்கள்.

கூடவந்த குறுந்தட்டைப் போட
இந்தக் கணினிக்கு வாய் இல்லை.
கைப்பேசி டேட்டாவில் டிரைவரை இறக்கிக்கொண்டிருந்தேன்;
வெளியே இன்னொரு டிரைவர் ஹாரன் அடித்தார்.

விண்டோஸ் அதற்கு காம் மூன்று என்று பெயர் வைத்தது.
எடை மென்பொருளுக்கு
காம் ஒன்றைத் தவிர யாரையும் தெரியாது.
பெயரை மாற்றினேன்.

முதலில் வந்தது தலைகீழ்க் கேள்விக்குறி,
பெட்டி, பெட்டி, மறுபடி பெட்டி.
கருவி உளறவில்லை,
நான்தான் அவசரமாகக் கேட்கிறேன்.
ஒன்பதாயிரத்து அறுநூறை
இரண்டாயிரத்து நானூறாகக் குறைத்தேன்.
எட்டு பிட்டை ஏழாக்கி,
பாரிட்டியை இரட்டைப்படைக்குத் தள்ளியதும்
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
காலி மேடை.
சுராயா கைதட்டினாள்.

முதல் லோரி ஏறியது. குணாளன், பட்டர்வொர்த்.
கருவியின் சிவப்பில் 7860.
மென்பொருள் அடித்த சீட்டில் 7820.

கேபிளைக் கழற்றி மாட்டினேன்.
பாரிட்டியை மறுபடி பார்த்தேன்.
அப்புறம்தான் அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
காம் ஒன்று என்ற வரிக்கு நான்கு வரி கீழே:
ஐயாயிரத்துக்கு மேலென்றால்
கழித்தல் நாற்பது.

"மண்ணு, மழைத்தண்ணி" என்றார் தவுக்கே
தலை தூக்காமல்,
நான் வாய் திறக்கும் முன்பே.
பதினொரு நாளாக மழை இல்லை.

குணாளன் சீட்டுக்குக் கை நீட்டினார்.
"நேத்தும் முந்தாநாளும்
எடை கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு தங்கச்சி.
அந்தப் பொண்ணு கையெழுத்து ராசி" என்று சிரித்தார்.

கிலோ ஒரு வெள்ளி இருபது காசு.
நாற்பதுக்கு நாற்பத்தெட்டு வெள்ளி.
ஒரு நாளைக்கு எத்தனை லோரி என்று
சுராயாவிடம் கேட்க வந்து, கேட்கவில்லை.
பில் எழுதினேன்:
கார்டு எண்பத்தைந்து, கூலி நூற்றிருபது.
அந்த வரியைத் தொடவில்லை.
தொட்டால் நாளைக்கே வேறொருவனைக் கூப்பிட்டு
மறுபடி எழுதிக்கொள்வார்.

கேபிள் மூன்று மீட்டர் வாங்கியிருந்தேன்.
மேசைக்கு ஒன்றரையே போதும்,
மிச்சத்தைச் சுருட்டிக் கட்டுவது வழக்கம்.
கட்டவில்லை.
எடைக்கருவியைத் தூக்கி
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்,
முகம் வெளியே.
"சூடாகுது தவுக்கே. காத்து படட்டும்."

இரண்டாவது லோரி ஏறியது.
சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன.
டிரைவர் கழுத்தை நீட்டி
உதடு அசையப் படித்தார்.