ஐந்து அங்குலம்

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துச் செம்மண்ணில்
பின்சக்கரம் ரெண்டும் சுற்றிச் சுற்றிக்
குழி தோண்டிக்கொண்டதுதான் மிச்சம்.
முன்சக்கரங்கள் விருந்தாளிகள் மாதிரி
சும்மா நின்றன.

மார்த்தாண்டத்தில் பழைய எஸ்டேட் ஜீப்பின்
முன் ஆக்சில் கிடைத்தது.
வில்லுக்குறி பட்டறையில் ஜஸ்டஸ்
என் டிராவலர் வேனின் வயிற்றுக்குக் கீழே
இருபத்திரண்டு நாள் குடியிருந்தான்.
மேலே என் கட்டில், அடுப்பு,
கொடியில் காயாத துண்டு.
"எக்கா, ஆயில் சம்ப் இடிக்கு.
அஞ்சு இஞ்சு தூக்கணும், கேட்டியளா?"
தூக்கு என்றேன்.
டிரான்ஸ்பர் கேஸ் லிவர் முளைத்த இடத்தில்
அரிசி டப்பா இருந்தது.
அரிசி இடம் மாறியது.

ஆனி மழை. அதே ஏற்றம்.
லிவரை இழுத்ததும் அடியில்
ஏதோ பல்லைக் கடித்தது.
நாலும் சேர்ந்து
பைய
ஏறின.
கட்டன்சாயா சிந்தவில்லை என்றால் பொய்.
பாதி சிந்தியது.

ராத்திரி வீட்டுக்கு வந்தால்
கார்ஷெட் கான்கிரீட்டில் கூரை முட்டுகிறது.
கதவைப் பூட்டிவிட்டுத்
தெருவிலேயே வேனுக்குள் படுத்தேன்.
ஜன்னலில், மதிலுக்கு மேலே,
அடுத்த வீட்டு லில்லிபாய் டீச்சர்
தனியாகக் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்.
நாலு வருஷமாக எனக்குத் தெரியாது.
சிவப்புக் காய் விழவில்லை.
எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து
மறுபடி அடித்தார்.