இல்லாத சுண்டுவிரல்

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னார்கள்
போடோ மருத்துவமனையில்.
நான்கு என்றான் ஐவிண்ட்.

காட் மீன் வலையோடு வின்ச்சுக்குள் போன இடக்கை
பிப்ரவரியிலிருந்து நார்வேக் கடலில் கிடக்கிறது.
அதன் சுண்டுவிரல்தான்
இரவு மூன்று மணிக்கு
விண்விண்ணென்று தெறிக்கிறது.

குத்தலா, குடைச்சலா, கடுப்பா?
படிவத்தில் கட்டங்கள் உண்டு.
நகம் சதையில் பதிய
இறுக மூடிய முஷ்டி,
பிரித்துவிட விரலே இல்லை.
அதற்குக் கட்டம் இல்லை.

இப்போதெல்லாம் சிரிப்பதற்கு முன்
கொஞ்சம் யோசிக்கிறான்.
காலில் உரசும் நாயை அதட்டுகிறான்,
பிறகு வாசல்வரை போய்
அதனிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

டோர்டிஸ் எண் எதுவும் கேட்பதில்லை.
கட்டிலில் அவன் இடப்பக்கம்
ஒரு கை அகலம் விட்டுப் படுக்கிறாள்,
தூக்கத்தில்கூட
அதன்மேல் புரண்டுவிடாமல்.