பரிசீலனையில் உள்ளது

அவர் கடிதம் சொல்லச் சொல்ல
இருபத்திரண்டு ஆண்டு சுருக்கெழுத்தில் எழுதியவள் நான்.
முற்றுப்புள்ளிக்கு முன்னால் இருமுவார்.
அந்த இருமலுக்கும் ஒரு குறி வைத்திருந்தேன்.

மெர்வின் ட்ரெத்தோவன்:
மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமைச் சீமையில்
நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர்.
வலது மணிக்கட்டில் உலைக்கதவு சுட்ட தழும்பு.
முதல் தேர்தலில் சட்டைக்கையை மடித்துவிட்டு
அதைக் காட்டித்தான் ஓட்டுக் கேட்டார்.
அறுபத்தொரு ஓட்டில் வென்றார்.
அமைச்சரானதும் வரைந்த படத்தில்
சட்டைக்கை கீழே இறங்கிவிட்டது,
தங்கப் பொத்தானோடு.

நடுவில் பதினோரு ஆண்டு எதிர்வரிசை.
ஆண்டுக்கொரு முறை ஒரே கேள்வி:
"குவாரலிங் நிலையத்து நடைமேடைக்குத்
தண்ணீர்க் குழாய் எப்போது வரும்?"
ஒரே பதில்:
"பரிசீலனையில் உள்ளது."
அவை சிரிக்கும். அவரும் சிரிப்பார்.
மறுநாள் என் மேசையருகே வந்து
"அடுத்த ஆண்டுக்கும் அடித்து வையுங்கள்" என்பார்.
தேதியை மட்டும் காலியாக விட்டு
மூன்று பிரதி எடுத்து வைத்தேன்.

ஆட்சி மாறியது. அவர் ரயில்வே அமைச்சர்.
அறையில் தண்ணீருக்குக் கண்ணாடிக் கூஜா,
அதற்கொரு துணி மூடி, மூடிக்கு மணி கோத்த ஓரம்.
முதல் வாரமே குழாய்க் கோப்பைக் கேட்டார்.
கோப்பு நிதித்துறைக்குப் போயிருந்தது.
நிதித்துறை அதை நீர்வழங்கலுக்கு அனுப்பியிருந்தது.
நீர்வழங்கல், "இது ரயில்வே சொத்து" என்றெழுதி
ரயில்வேக்கே திருப்பியிருந்தது.
வந்து சேரவில்லை.

எதிர்வரிசையில் இப்போது ஒரு கோதுமைப் பண்ணைக்காரர்,
வெயிலில் சிவந்த கழுத்து;
பழைய கேள்வியையே எடுத்து வீசினார்.
ட்ரெத்தோவன் எழுந்தார். இருமினார்.
மாடத்தில் உட்கார்ந்திருந்த என் கை
அவர் வாய் திறக்குமுன்பே
விடையை எழுதி முடித்திருந்தது.

பிறகு வந்தது அந்தப் பட்டியல்.
லாபமில்லாத கிளைப்பாதைகள், முப்பத்தொன்று.
ஆணையர் நீலப் பென்சிலால் கோடிட்டு அனுப்பியிருந்தார்.
இரவு எட்டு மணி. தரை துடைக்கிறவர்களும் போய்விட்டார்கள்.
லாரிகள் பெருகிவிட்டன, தார்ச்சாலை வந்துவிட்டது,
கணக்கில் பிழையில்லை, நானே கூட்டிப் பார்த்தேன்.
பிழையிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.
பக்கம் பக்கமாகப் புரட்டினார்.
இருபத்தேழாவது வரியில் நின்றார்.
பேனாவை மையில் தொட்டு
குவாரலிங்கில் விட்டுப்போன ஓரெழுத்தைச் சேர்த்தார்.
திருத்தத்துக்காக ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம்.
அடைப்புக்காகக் கீழே முழுக் கையெழுத்து.
"மிஸ் ஹாலோரன், ஊர்ப்பெயரையாவது
ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள்"
இருமவில்லை.
அந்த வாக்கியத்துக்கு நான் முற்றுப்புள்ளி வைக்கவில்லை

நான் நினைத்ததற்கு மாறாக
அடுத்த தேர்தலிலும் வென்றார், கூடுதல் ஓட்டில்.
சாலை நன்றாக இருந்தது.
தோற்றது அதற்கும் அடுத்து, வேறெதற்கோ;
பால் விலை என்று நினைவு.

ஓய்வுக்குக் குவாரலிங்குக்கே போனார்.
ஒரு குளிர்காலத்தில் பார்க்கப் போனேன், பஸ்ஸில்.
தண்டவாளத்தைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிருந்தான்.
அடிக்கட்டைகளை இவர் வாங்கியிருந்தார்,
கட்டை ஒன்று இரண்டு ஷில்லிங்.
ஜாரா மரம். லேசில் பற்றாது,
பற்றினால் லேசில் அணையாது.
அடுப்புக் கதவைக் காலால் திறந்து
இடுப்பைத் திருப்பி ஒரு துண்டை உள்ளே தள்ளினார்.
சட்டைக்கை மடித்திருந்தது.
"உட்காருங்கள்" என்றார்,
"ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது."
சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது நடைமேடையைப் பார்த்தேன்.
பெயர்ப்பலகை இல்லை. முழங்கால் உயரம் புல்.
குழாய் மட்டும் இருந்தது:
புதுப் பித்தளை, கீழே சிமெண்ட் தொட்டி,
தொட்டியில் பொறித்த ஆண்டு,
பாதையை மூடியதற்கு மறு ஆண்டு.
எங்கெங்கோ சுற்றி
கோப்பு தன் பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

திருகினேன். முதலில் காற்று,
பிறகு துரு வாடை, பிறகு தண்ணீர்.
புல்லுக்குள்ளிருந்து இரண்டு செம்மறிகள்
என்னைப் பார்க்காமலே
தொட்டிக்கு வந்தன, பழகியவை போல.